துகள் செய்தது போதும், குழாய் செய்வோம்

கோவை, ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டங்களில் அறிவியல் கற்பிக்கும் கல்லூரி எதற்குள் நுழைந்தாலும், ஆய்வகத்துக் கண்ணாடி அலமாரியில் சின்னச் சின்னக் குப்பிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். சிலவற்றில் திரவம் சிவப்பாக இருக்கும், சிலவற்றில் மஞ்சள் கலந்த பழுப்பாக. சிவப்பு தங்க நானோ துகள், பழுப்பு வெள்ளி நானோ துகள். குப்பியில் ஒட்டிய சீட்டில் ஏதோ ஒரு செடியின் தாவரவியல் பெயர் எழுதியிருக்கும். அந்தச் செடியின் இலைச் சாற்றைக் கொண்டு துகளை உண்டாக்கியிருக்கிறார்கள். நிறமாலை ஒன்று, எக்ஸ் கதிர் வரைபடம் ஒன்று, எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் நாலைந்து, இரண்டு பாக்டீரியாக்கள் மேல் ஒரு சோதனை, அதற்கு ஒரு கட்டுரை, ஒரு பட்டம். பிறகு அடுத்த மாணவர் வருவார், அடுத்த செடி வரும்.

இந்த வழியைத் திறந்துவிட்டவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு 2004-ல் வேப்பிலைச் சாற்றைக் கொண்டு தங்கத் துகளையும் வெள்ளித் துகளையும் உண்டாக்கிக் காட்டியது நல்ல அறிவியல். நச்சு வேதிப்பொருளைத் தேடி ஓடாமலே உலோகத் துகள் கிடைக்கும் என்பது அன்றைக்குப் புதுச் செய்தி. அது நடந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. வேம்பு முடிந்து துளசி, துளசி முடிந்து ஆவாரை, ஆவாரை முடிந்து ஆடாதோடை என்று நம் கல்லூரிகள் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இவ்வளவு உழைப்பும் இவ்வளவு இளம் மூளைகளும் குப்பியோடு நின்றுபோவதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது. மின்வேதியியல் கற்பிக்கும் ஒருவனாக நான் சொல்ல வருவது ஒன்றுதான்: துகள்களை ஒன்றுசேர்த்து வடிவம் கட்டும் வேலைக்குக் கொங்கு நாட்டு ஆய்வகங்கள் நகர வேண்டும். அதற்கான கைப்பழக்கம் இங்கே தாராளமாக இருக்கிறது. ஆனால் அது கல்லூரிச் சுவருக்கு வெளியே, பட்டறைகளில் இருக்கிறது.

வடிவம் கட்டுவது என்றால் என்னவென்று ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். வேப்பிலைக் கட்டுரைக்கு முந்தைய ஆண்டு, 2003-ல், இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தில் இஸ்ரேல் ரூபின்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் நானோ துகள்களைக் கொண்டே நானோ குழாய் செய்த கதையை வெளியிட்டார்கள். அவர்கள் பயன்படுத்தியது அலுமினியம் ஆக்சைடால் ஆன வெள்ளை வில்லை. இந்த வகை வில்லை கடையிலேயே கிடைக்கும்: கனம் 60 மைக்ரோமீட்டர், மேலிருந்து கீழ்வரை நேராக ஓடும் கோடிக்கணக்கான துளைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 நானோமீட்டர் அகலம். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமினோ சிலேன் என்ற வேதிப்பொருளில் வில்லையை நனைத்தெடுத்தால் துளைச் சுவர்களில் நேர்மின்னூட்டம் தாங்கும் மெல்லிய படலம் ஏறும். தங்கத் துகள்களைத் தனியாகச் செய்துகொள்ள வேண்டும். அதற்கு 1951-ல் ஜான் டர்கெவிச் விளக்கிய முறையே இன்றும் போதும். கொதிக்கும் தங்கக் குளோரைடு கரைசலில் சிட்ரேட் உப்பைச் சேர்த்தால், வெளிர் மஞ்சள் முதலில் நிறமிழக்கும், பிறகு சாம்பல் நீலமாகும், சில நிமிடங்களில் நல்ல சிவப்புக்கு வந்து நிலைக்கும். பதினான்கு நானோமீட்டர் துகள் ஒன்றில் எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட தங்க அணுக்கள் இருக்கும். துகளைப் போர்த்தியிருக்கும் சிட்ரேட்டுக்கு எதிர்மின்னூட்டம். சிவப்புக் கரைசலை வெற்றிடத்தால் இழுத்து வில்லை வழியே விட்டால், சிவப்பாக உள்ளே போவது வெளிறி வெளியே வரும். துகள்கள் சுவரைப் பிடித்துக்கொண்டுவிட்டன.

வியப்பு இதற்குப் பிறகுதான். சுவரில் நெருங்கி அமர்ந்த துகள்கள், யாரும் சூடேற்றாமல், மின்சாரம் பாய்ச்சாமல், அறை வெப்பநிலையிலேயே ஒன்றோடொன்று இணைந்து தொடர்ச்சியான உலோகச் சுவராகிவிட்டன. தங்கத்தின் உருகுநிலை 1,064 டிகிரி செல்சியஸ் என்று படித்தவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். ஆனால் துகள் சிறுக்கச் சிறுக்க அதன் அணுக்களில் பெரும் பங்கு மேற்பரப்பில் வந்துவிடுகிறது. மேற்பரப்பு அணுவுக்குச் சுற்றிலும் துணை இல்லை, அது எளிதில் இடம் மாறும். போர்வையாக இருந்த சிட்ரேட் விலகிய இடத்தில் தங்கம் தங்கத்தைத் தொடுகிறது, கழுத்துப் போல ஓர் இணைப்பு வளர்கிறது. கடைசியில் அலுமினியம் ஆக்சைடு வில்லையை சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்துவிட்டால், உள்ளீடற்ற தங்கக் குழாய்கள் மட்டும் மிஞ்சும். அவற்றின் சுவரே நுண்துளைகள் கொண்டது. மின்சாரம் கடத்தும். உள்ளேயும் வெளியேயும் பரப்பு கிடைக்கும். கரைசலைக் குழாய்க்குள்ளேயே ஓடவிட்டு வேதிவினை நடத்தலாம். குப்பியில் மிதக்கும் துகளால் இவற்றில் ஒன்றுகூட ஆகாது. வினை முடிந்ததும் துகளைத் திரும்பப் பிடித்தெடுப்பதற்கே தனிப்பாடு பட வேண்டும்.

கோயம்புத்தூர்க்காரருக்கு இதைப் புரியவைக்க ஒரு ஃபவுண்டரி போதும். பம்புக்கு உறை வார்க்கும்போது வெளிவடிவத்துக்கு ஓர் அச்சு, உள்வெளிக்கு மணலில் செய்து சுட்ட ஒரு கோர். இரும்பு இறுகியதும் ஃபெட்லிங்கில் கோர் மணலைத் தட்டி உதிர்த்தால் தண்ணீர் ஓடும் பாதை திறக்கும். நானோ குழாய் செய்பவர்களும் இந்த இரண்டு வழிகளில்தான் போகிறார்கள். துளையுள்ள வில்லை வெளி அச்சு. மெல்லிய இழையொன்றின் மேல் உலோகத்தைப் படியவைத்து, பிறகு இழையை நீக்கினால், அந்த இழைதான் கோர். ஒரு முக்கிய வேறுபாடு உண்டு: வில்லைத் துளைக்குள் கோர் எதுவும் வைப்பதில்லை. துகள்கள் சுவரைத்தான் முதலில் பிடிக்கும் என்பதாலேயே நடு வெற்றாக நிற்கிறது. எவ்வளவு துகளை உள்ளே விடுகிறோமோ அவ்வளவுக்குச் சுவர் தடிக்கும்.

வில்லை வழியில் முன்னோடி சார்லஸ் மார்ட்டின். துளைச் சவ்வுகளை அச்சாக வைத்து நானோ பொருள்கள் செய்வதைப் பற்றி அவர் 1994-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இத்துறையின் பாடப்புத்தகம் போல. அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய குழு சவ்வுத் துளைகளில் தங்கம் பூசி, உள்விட்டம் ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த குழாய்களைச் செய்து, சிறிய மூலக்கூறை விட்டுப் பெரியதைத் தடுத்துக் காட்டியது. ஆனால் நம் ஊருக்கு உறவான கதை அலுமினியத்துடையது. அலுமினியத்தை அமிலத்தில் நேர்மின்வாயாகத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், அதன் மேல் வளரும் ஆக்சைடு படலம் தானாகவே துளைகளோடு வளர்கிறது. இதை 1953-ல் அமெரிக்காவின் அல்கோவா நிறுவன ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து விவரித்தார்கள். 1996-ல் ஜப்பானில் ஹிடேகி மசூடா, ஆக்சாலிக் அமிலத்தில் 40 வோல்ட்டில் படலம் வளர்த்து, அதைக் கரைத்துவிட்டு, அடியில் பதிந்த குழிகளின் மேல் மறுபடி வளர்த்தால், துளைகள் அறுகோண ஒழுங்கில் அணிவகுக்கும் என்று கண்டார். துளைக்கும் துளைக்கும் இடைவெளி 100 நானோமீட்டர். கணக்கிட்டால் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட துளைகள்.

இதையேதான் நம் அனோடைசிங் பட்டறைகள் நாள்தோறும் செய்கின்றன. கணபதிப் பக்கம் ஒரு பட்டறைக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நீண்ட தொட்டியில் சல்ஃபியூரிக் அமிலம், இரு பக்கமும் ஈயத் தகடுகள், ஜிக்கில் மாட்டிய அலுமினியச் சட்டங்கள், ஓரத்தில் உறுமும் ரெக்டிஃபையர், அதில் 15 வோல்ட். எடுத்துக் கழுவிய சட்டம் பார்க்க வெறும் அலுமினியமாகவே இருக்கிறது. பட்டறைக்காரர் தன் சட்டைப் பையிலிருந்த இங்க் பேனாவால் அதில் ஒரு புள்ளி வைத்தார். ஈரத்துணியால் தேய்த்தார், போகவில்லை. கொதிநீர்த் தொட்டியில் சீலிங் முடித்து வந்த இன்னொரு சட்டத்தில் அதே பேனாவால் புள்ளி வைத்தார். ஒரே துடைப்பில் போய்விட்டது. "சீல் பண்ணாம உட்டா எல்லாக் கறையும் உள்ள போயி உக்காந்துக்குமுங்க சார். அந்த ஓட்டைய மூடத்தான் இத்தன பாடு," என்றார். அந்த ஓட்டைகள் பத்து, பதினைந்து நானோமீட்டர் அகலம். சூடான நீரில் ஆக்சைடு உப்பி அவற்றை அடைக்கிறது. நுண்ணோக்கி இல்லாமல், ஒரு பேனாவைக் கொண்டு, துளை திறந்திருக்கிறதா அடைத்திருக்கிறதா என்று சொல்லத் தெரிந்த மனிதர் அவர். என் மாணவர்களில் பாதிப் பேர் அன்றுதான் முதன்முதலாக நானோ துளையை நேரில் 'பார்த்தார்கள்'. "தங்கத்த இதுக்குள்ள உடோணும்னா சீலிங்குக்கு முந்தியே எடுத்துக்கோங்க. எத்தன வேணும்னு மட்டும் சொல்லுங்க," என்றார் அவர், நாங்கள் கேட்பதற்கு முன்பே.

பட்டறைத் தகட்டை அப்படியே அச்சாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஜன்னல் சட்டத்துக்கு வரும் அலுமினியத்தில் மக்னீசியமும் சிலிக்கானும் கலந்திருக்கும், துளைகள் கோணிப்போகும். 99.99 சதவீதத் தூய அலுமினியம் வேண்டும். அமிலத்தைக் குளிர்வித்து வைக்க வேண்டும். சூடேறினால் படலம் பொடியாகும் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பிறகு படலத்தை அடி அலுமினியத்திலிருந்து பிரித்து, அடைபட்டிருக்கும் அடிப்பகுதியை பாஸ்பாரிக் அமிலத்தில் மெல்லத் திறக்க வேண்டும். இவை எல்லாம் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைகள். ஏற்காட்டு மலையிலும் கொல்லி மலையிலும் பாக்சைட் வெட்டி மேட்டூரில் அலுமினியம் உருக்கிய மண்டலம் இது. இங்கே ஓர் ஆய்வு மாணவர் துளை வில்லைக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பி, பெட்டி வரும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை.

அடுத்தது பொன். கோவை ராஜ வீதி, வைசியாள் வீதிச் சந்துகளில் பழைய நகையை உருக்கித் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் பட்டறைகள் இருக்கின்றன. ஒரு பங்கு தங்கத்துக்கு மூன்று பங்கு வெள்ளி சேர்த்து உருக்கி, மெல்லிய தகடாக்கி, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவிடுவார்கள். வெள்ளி முழுதும் கரைந்து வெளியேறும். பழுப்பு நிறப் பஞ்சு போலத் தங்கம் மிஞ்சும். பஞ்சு என்று சும்மா சொல்லவில்லை. அந்தத் தங்கம் உண்மையிலேயே நானோமீட்டர் அளவுத் துளைகள் கொண்டது. வெள்ளி வெளியேறும்போது தங்க அணுக்கள் எப்படிக் கூடிக் கூடித் துளைவலையாக ஒழுங்குபடுகின்றன என்பதை ஜோனா எர்லிபேக்கர் 2001-ல் 'நேச்சர்' இதழில் விளக்கினார். தட்டார்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவந்த பழுப்புப் பொடிக்கு அன்றுதான் கணிப்பொறி மாதிரியோடு ஒரு கொள்கை கிடைத்தது.

இதே வெள்ளி, இதே தங்கத்தைக் கொண்டு வில்லையே இல்லாமல் குழாய் செய்யும் வழியும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் யூகாங் சன், யூனான் சியா ஆகியோர் 2002-ல் சொன்னது. முதலில் வெள்ளியில் நானோ கம்பிகள் செய்துகொள்ள வேண்டும். அவற்றைச் சூடான தங்கக் குளோரைடு கரைசலில் போட்டால் வெள்ளி தன் எலெக்ட்ரானைத் தங்கத்துக்குக் கொடுத்துவிட்டுக் கரைகிறது. தங்கம் அதன் மேல் படிகிறது. ஓர் அணுத் தங்கம் படிய மூன்று எலெக்ட்ரான் தேவை, ஒரு வெள்ளி அணுவால் ஒன்றைத்தான் தர முடியும். ஆகவே மூன்று வெள்ளி போனால் ஒரு தங்கம் வந்து அமர்கிறது. இரண்டு அணுக்களும் ஏறத்தாழ ஒரே பருமன். மூன்று பேர் எழுந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்தால் மூன்றில் இரண்டு பங்கு வெற்றிடம்; கம்பி குழாயாகிவிட்டது. (தட்டாரின் மூன்றுக்கு ஒன்றும் இந்த மூன்றுக்கு ஒன்றும் ஒன்றல்ல. அங்கே வெள்ளி தொடர்ச்சியாகக் கரைந்து வெளியேற வழி வேண்டும் என்பதற்கான அளவு. இங்கே எலெக்ட்ரான் கணக்கு. தேர்வில் இதைக் குழப்பிக்கொள்ளும் மாணவர்கள் உண்டு.) இதே உத்தியில் தங்கத்துக்குப் பதில் பிளாட்டினத்தை வைத்து, எரிபொருள் மின்கலத்துக்கான பிளாட்டினக் குழாய்களை யூஷான் யான் குழு 2007-ல் செய்தது. வழக்கமான பிளாட்டினத் துகளைக் கார்பன் பொடி மேல் ஒட்டித்தான் பயன்படுத்துவார்கள். நாளடைவில் கார்பன் அரித்துப்போகும், துகள் உதிர்ந்துவிடும். நீண்ட குழாய்க்கு அந்தத் தாங்கி வேண்டாம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்பவர்கள் வெள்ளியைக் கம்பியாக இழுப்பதில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் கம்பி நானோ கம்பியாகாது. அதை வேதிமுறையில்தான் வளர்க்க வேண்டும். ஆனால் வெள்ளியின் தூய்மையை உரைத்துப் பார்த்தே சொல்லவும், அமிலக் கழிவிலிருந்து ஒரு குன்றிமணி வெள்ளியைக்கூட விடாமல் மீட்கவும் அவர்களுக்குத் தெரியும். ஆய்வகத்தில் நாங்கள் வாங்கும் தங்கக் குளோரைடு படிகத்தில் எடையில் பாதிதான் தங்கம். அதே உப்பு, ராஜதிராவகத்தில் தங்கத்தைக் கரைக்கும் ஒவ்வொரு தட்டாரின் பீங்கான் கிண்ணத்திலும் உருவாகிறது. சோதனை முடிந்த கரைசலை நாம் கழிவுத் தொட்டியில் ஊற்றுகிறோம். அவர்கள் ஊற்ற மாட்டார்கள்.

இழை வழியைப் பொறுத்தவரை கோவை இன்னும் ஒரு படி முன்னால் நிற்கிறது. மின்புலத்தால் பாலிமர் கரைசலை இழுத்து நானோ இழை நூற்கும் கருவிகள் பி.எஸ்.ஜி. உயராய்வு நிறுவனத்தில் இருக்கின்றன. 1956 முதல் இயங்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், நமக்கெல்லாம் சிட்ரா, இருக்கிறது. ஜெர்மனியின் மார்பர்க்கில் ஆண்ட்ரியாஸ் கிரைனர், யோஆக்கிம் வெண்டார்ஃப் குழுவினர் 2000-ல் நானோ இழையைக் கோராக வைத்து, அதன் மேல் உறை பூசி, இழையை நீக்கிக் குழாய் செய்தார்கள். நூலுக்குப் பேர்போன ஊரில் நூற்ற இழை பெரும்பாலும் வடிகட்டித் துணியாகவும் காயக் கட்டுத் துணியாகவும்தான் ஆய்வாகிறது. நல்லதுதான். அதே இழை மேல் உலோகத் துகளை ஏற்றிப் பார்க்கும் கைகள் இன்னும் நிறைய வேண்டும்.

இங்கே ஒரு திருத்தம். நானோ மாநாட்டு மேடைகளில் கொடுமணல் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. நொய்யல் கரையில், ஈரோடு மாவட்டத்தில், சங்க காலத் தொழிற்கூடம் இருந்த ஊர். இரும்பு உருக்கிய உலைகளும் மணிகள் செய்த தடயங்களும் அகழாய்வில் கிடைத்தவை. ஜெர்மனியின் டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பாஃப்லர் குழு 2006-ல் டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கார்பன் நானோ குழாயைக் கண்டது. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு, கொங்கு நாட்டுக் கொல்லர் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நானோ குழாய் செய்தார் என்று பேசுகிறார்கள். அந்த வாள் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கொடுமணலில் கிடைத்ததும் அல்ல. இந்திய உருக்கால் இத்தகைய வாள்கள் செய்யப்பட்டன என்பதுவரை சரி. கொடுமணலை நான் மதிப்பது வேறு காரணத்துக்காக: உலை வைத்தவரும், மணி துளைத்தவரும், வணிகரும் ஒரே ஊரில் கூடி வேலை செய்திருக்கிறார்கள்.

சரி, குழாய் செய்து என்ன செய்வது? திருப்பூர்ச் சாயக் கழிவைத் தங்கக் குழாய்ச் சவ்வால் வடிகட்டிவிடலாம் என்று ஆய்வுத் திட்ட விண்ணப்பங்களில் எழுதுகிறார்கள். அதை எழுதாதீர்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீரைப் பார்த்தவர்களுக்கும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்களை அனுபவித்தவர்களுக்கும் இது விளையாட்டான பேச்சு அல்ல. நாளுக்குக் கோடிக்கணக்கான லிட்டர் ஓடும் இடத்தில் எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும்தான் வேலை செய்யும். ஒரு சதுர சென்டிமீட்டர் வில்லையைத் தங்கக் குழாயால் நிரப்பவே பத்து மில்லிகிராம் சுற்றளவில் தங்கம் பிடிக்கும். பெருக்கிப் பாருங்கள்.

குழாய்க்கு ஏற்ற இடம் அறிதல், அளத்தல். 1974-ல் மார்ட்டின் ஃபிளைஷ்மன் குழுவினர் கரடுமுரடான வெள்ளி மின்முனையின் மேல் ஒட்டிய மூலக்கூறிலிருந்து மிக வலுவான ராமன் ஒளியைக் கண்டார்கள். பிறகுதான் தெரிந்தது, நானோ அளவு பள்ளமும் மேடும் உள்ள தங்கமும் வெள்ளியும் அந்த ஒளியைப் பல மடங்கு பெருக்குகின்றன என்று. துகள்கள் கூடிக் கட்டிய குழாயின் சுவர் முழுக்க அத்தகைய இடுக்குகள். திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த ஒரு தலைவலி, தடைசெய்யப்பட்ட அசோ சாயங்கள். 1994-ல் ஜெர்மனி தடை போட்டது, பிறகு ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் வந்தது. துணியில் குறிப்பிட்ட நறுமண அமீன்கள் ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இதற்காகத் துணி மாதிரியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டும். அமீன்கள் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையவை. சாயப்பட்டறை மேசையிலேயே முதல் கட்டமாகச் சலித்துப் பார்க்க ஒரு குழாய்ச் சில்லு உதவுமா என்பது நம் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி. ஈரோட்டு மஞ்சளில் கலக்கப்படும் மெட்டானில் மஞ்சளும் ஓர் அசோ சாயம்தான். சில மில்லிகிராம் தங்கம் இங்கே வீண் போகாது.

இலைச் சாற்றுத் துகளையே குழாய்க்குப் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். பெரும்பாலும் கைகொடுக்காது. அந்தத் துகளைச் சாற்றின் புரதமும் பாலிபீனாலும் தடித்த போர்வையாகப் போர்த்தியிருக்கும். துகள் குப்பியில் மாதக்கணக்கில் கெடாமல் நிற்பதற்கு அந்தப் போர்வைதான் காரணம். பக்கத்துத் துகளோடு இணைய விடாமல் தடுப்பதும் அதுவே. அளவும் ஒரே சீராக இருக்காது. எந்தச் சாற்றின் போர்வையை எப்படிக் கழற்றலாம் என்று யாராவது ஆராய்ந்தால், இத்தனை ஆண்டுக் குப்பிகளுக்கும் ஒரு பயன் பிறக்கும். அந்த ஆய்வை நான் மனமார வரவேற்பேன்.

பட்டறையும் கல்லூரியும் சேர்ந்து வளர்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1926-ல் தொடங்கிய பி.எஸ்.ஜி. அறநிலையம் தொழிற்கூடம் நடத்தியது. 1951-ல் வந்த பொறியியல் கல்லூரி அந்தத் தொழிற்கூடத்தோடு ஒரே வளாகத்தில் வளர்ந்தது. பம்பு வார்ப்படமும் பாடமும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் நடந்தன. கோவை இன்று பம்பு நகரமாக இருப்பதில் அந்த ஏற்பாட்டுக்குப் பங்குண்டு. நானோ அறிவியலில் நாம் அதைச் செய்யவில்லை. மத்திய அரசு 2007-ல் ஆயிரம் கோடி ரூபாயில் நானோ திட்டத்தைத் தொடங்கியபோது கருவிகள் வந்தன, துறைகள் முளைத்தன. பட்டறைக்காரரை உள்ளே அழைக்க யாருக்கும் தோன்றவில்லை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அனோடைசிங்கில் அவர்களுக்கு உள்ள நீண்ட அனுபவத்தை நம் கல்லூரிகள் தேடிப்போய்க் கேட்பதும் குறைவு.

ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், முதுநிலை மாணவி ஒருவர் அனோடைசிங் தகட்டைத் திட்டப்பணிக்கு எடுத்துக்கொள்ள விரும்பினார். 'இது தொழிற்சாலை வேலை, ஆய்வு ஆகாது' என்று குழு மறுத்தது. அவருக்கும் ஓர் இலை கொடுக்கப்பட்டது. அந்தப் பெண் என்னிடம் வந்து சொன்னபோது அவர் முகத்தில் இருந்த ஏமாற்றம் இன்னும் மறக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத அதுவும் ஒரு காரணம்.

வரும் கல்வியாண்டில் ஐந்தாறு கல்லூரிகள் சேர்ந்தால் போதும். தூய அலுமினியத் தகட்டை மொத்தமாக ஒரே இடத்தில் வாங்கலாம். சீலிங் செய்யாத படலத்தைப் பட்டறையில் வளர்க்கலாம். வோல்ட், வெப்பம், நேரம் மூன்றையும் மாணவர் அங்கேயே நின்று குறித்துக்கொள்ளட்டும். சிட்ரேட் துகளை இளநிலை மாணவரே செய்துவிடுவார். எலெக்ட்ரான் நுண்ணோக்கி வைத்திருக்கும் நிறுவனங்கள், மற்ற கல்லூரிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்க வேண்டும்; இன்று ஒரு படத்துக்காக மாணவர்கள் சென்னைக்கும் கொச்சிக்கும் மாதிரியைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அமிலமும் காரமும் கழிவாக வெளியேறும், அதற்குப் பட்டறையின் சுத்திகரிப்புத் தொட்டியே இருக்கிறது. தங்கக் கரைசலை மட்டும் தனியாகச் சேர்த்து வைத்துத் தட்டாரிடம் கொடுங்கள். குழாய் உடைந்தாலும், பாதித் துளையே நிரம்பினாலும், எந்த வோல்ட்டில் எப்படி ஆனது என்பதைத் திட்ட அறிக்கையில் முழுதாக எழுத வேண்டும். அடுத்த மாணவர் அங்கிருந்து தொடங்குவார். கட்டுரை வெளிவரும்போது ஆசிரியர் வரிசையில், வழிகாட்டியின் பெயருக்குப் பக்கத்தில், அந்த அனோடைசிங் பட்டறைக்காரரின் பெயரும் அச்சாக வேண்டும். நன்றியுரையில் அல்ல, ஆசிரியர் வரிசையில்.

- கட்டுரையாளர், கோவையில் மின்வேதியியல் கற்பிக்கும் பேராசிரியர்.